மனை துலக்கலும் பற்று நீக்கமும்

நாஞ்சில்நாட்டுத் திருப்பதிகளுள் தலைநின்றது சுசீந்திரம். 'சுசி' என்பது தூய்மை. இந்திரன் தனக்கு வந்த பழி நீங்கித் தூய்மை எய்திய இடமாகலின் அத்தலம் அப்பெயர்த்தாயிற்று என்பது தலவரலாறு. தாணுமாலயன் சந்நிதியில் இன்றும் அர்த்தசாமத்தில் இந்திரன் வந்து பூசை செய்கின்றான் என்பது ஐதிகம். அதனால் இரவிற் பூசை முடித்து நடைசாத்துபவர் மறுநாட் காலையில் நடைதிறப்பதில்லை, திறப்பவர் வேறொருவர். இரவில் இருப்பவர் பூசைக்குரிய பொருள்களை யெல்லாம் முறைப்பட வைத்துச் செல்வார். காலையில் வருபவர் உள்ளே கண்டதைப் புறத்தே கூறார். இவ்வழக்கத்தின் உட்கருத்தைப் பெரியோர் பலவாறு விரிப்பர். யாம் இக்கட்டுரையில் அதனின்றும் எடுத்துக்கொள்வது ஒன்றே: இரவில் ஓரிடத்தை விட்டுச் செல்வோன், அடுத்து வருவோன் இடரின்றித் தன் பணியைத் தொடங்குமாறு வைத்துச் செல்லல் வேண்டும் என்பது. இதனைக் கோயிலிற் காண்கின்றோம். நம் மனைகளிற் காண்கின்றோமா?

'மனையைத் துலக்குதல் மாதர்க்குரிய உலகியற் செயல். அதனைச் சித்தாந்தம் ஆராயும் ஏட்டில் எடுத்துப் பேசுதல் என்னை?' என்று அன்பர் சிலர் வினவுதல் கூடும். கோயில் துலக்குதல் சரியை யென்று ஆகமங் கூறுமாயின், அக்கோயிலிற் புகும் அடியார் எழுந்து புறப்படுவதும் மீண்டு வந்து துயில்வதுமாகிய மனை, அச்சரியையோடு தொடர்பின்றிப் போதல் யாங்ஙனம்? அன்றியும், 'எனது' என்னுஞ் செருக்கு முளைக்கும் இடமும் அது வளர்ந்து காய்க்கும் இடமும் மனையே. எனவே பாசத்தை ஆராய்வார்க்கு மனையினும் சிறந்த பரிசோதனைக் களம் பிறிதில்லை யென்க.

முதற்கண் பழைய நாஞ்சில்நாட்டு மனையின் அமைப்பை நினைவு கூர்வாம். படிப்புரை, பட்டாசல், அரங்கு, அடுக்களை, புறவாசல் என அது பகுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு தொழில். ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வோரிடம். நெல் பத்தாயத்தில், வித்து வேறு, சுளவும் கடவமும் சுவரிற் றூங்கும், உருளியும் நிலவாயும் கவிழ்த்த நிலையில் அரங்கிற் கிடக்கும். கன்னி மாதமாகிய புரட்டாசியை ஒட்டி அறுப்பது கன்னிப்பூ. கும்ப மாதமாகிய மாசியில் அறுப்பது கும்பப்பூ. இவ்விரு பூவிற்கும் முன்னர்ப் பத்தாயத்தை ஒழித்து, தூசி தட்டி, மூலை முடுக்கெல்லாம் துடைத்து வைப்பர். புதுநெல் வரவேண்டுமாயின் பழையதற்கு இடம் ஒழிதல் வேண்டும் என்பதை உழவர் மனை ஆண்டிற்கு இருமுறை தானே கற்பித்தது. நவராத்திரி முடிவிற் கருவிகளையும் சுவடிகளையும் துலக்கி வைத்தலும், தைக்கு முன்னர்ப் போகியிற் பழையன கழித்தலும் இவ்வொழுங்கோடு ஒட்டியனவே. மனைத்தூய்மைக்கெனத் தனியே ஒரு நூல் அந்நாளில் வேண்டப்பட்டதில்லை, காலமே நூலாயிருந்தது.

ஆயின் அம்மனையிலும் 'எனது' என்பது இல்லாமற் போயிற்றில்லை. நாஞ்சில்நாட்டு வேளாளரிடைப் பண்டு நிலவிய மருமக்கள்வழி முறையில் ஒருவனுடைய குடும்பச் சொத்து அவன் சகோதரியின் மக்களைச் சாரும். தான் பெற்ற மக்கள் உகந்துடைமை என்னுஞ் சிறுபகுதிக்கே உரியர். ஒரே கூரையின்கீழ் வளர்ந்த குழந்தை, தான் தொட்டு விளையாடிய உருளியும் பெட்டியும் தன்னுடையன அல்ல என்று ஒரு நாள் அறிந்து வெளியேறும். அம்முறையால் விளைந்த பூசல்களையும் கண்ணீரையும் தேரூரிற் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்கள் (1876–1954) மருமக்கள்வழி மான்மியத்தில் நகைச்சுவை ததும்பப் பாடியிருத்தலை அறியாதார் இலர். 1926ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசு இயற்றிய நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் அம்முறைக்கு முடிவு தேடித் தந்தது. பெருங்குடும்பங்கள் பாகமாயின. நூறுபேர்க்குச் சோறு வடித்த நிலவாய் நால்வர் உறையும் இல்லத்தின் கட்டிலடியிற் புகுந்தது. 'பாட்டன் தேடியது' என்னும் ஒரு சொல்லால், எடுத்தாளவும் இயலாது, ஈந்துவிடவும் மனமில்லாது, பல மனைகளில் அப்பாத்திரங்கள் இன்றளவும் களிம்பேறிக் கிடக்கின்றன.

இக்காலத்தில் வந்து சேர்ந்த குவியலோ வேறுவகைத்து. பழம்பொருள் பாட்டன் பெயரால் தங்கியது. புதுப்பொருள் குழந்தை பெயரால் நுழைகின்றது. பிறந்தநாட் பரிசு, பள்ளிக்கூடத்துச் செய்பொருள், கடைக்காரன் இலவசமாகத் தந்தது, கைப்பேசியில் விரலாற் றொட்ட அளவில் வாயிலில் வந்து நிற்பது எனப் பிளாஸ்டிக்காலாய விளையாட்டுப் பொருள்கள் பட்டாசலை நிறைக்கின்றன. குழந்தை ஒன்றை எடுக்கப் பத்து விழும். விழுந்த பத்தினை எடுத்து வைக்கத் தாய் குனிவாள். குனிந்து நிமிர்வதற்குள் வேறு பத்து விழும். மாலையில் விளக்கேற்றும் பொழுது சுவாமி அறைக்குச் செல்லும் வழியே இல்லாதவாறு பொருள்கள் பரந்து கிடக்கும் வீடுகளை யாம் கண்டுள்ளேம். எமது வீடும் அவற்றுள் ஒன்றாயிருந்தது.

இனி எம்மிடத்து நிகழ்ந்த பிழையொன்றை மறையாது கூறுதும். கூறுதற்கு நாணமே, ஆயினும் இவ்வாராய்ச்சி தோன்றுதற்கு அதுவே காரணமாகலின் ஒளித்தல் தகாது. சில ஆண்டுகளுக்கு முன் போகிக்கு முந்தின நாள், மனையை ஒழுங்குசெய்யத் துணிந்தேம். ஏழு வயதினனாகிய பேரன் பள்ளிக்குச் சென்றிருந்தான். அவன் பொருள்கள் இருந்த பெட்டியைக் கவிழ்த்து, உடைந்தனவும் பயனற்றனவும் என எமக்குத் தோன்றியவற்றை யெல்லாம் சாக்கிற் கட்டினேம். 'மாமா, பிள்ளை வந்தபின் அவனைக் கேட்டுவிட்டுச் செய்யலாமே' என்று மருமகள் மெல்லச் சொன்னார். 'குழந்தையைக் கேட்டால் ஒன்றையும் விடமாட்டான்' என்று அவர் வாயை அடைத்தேம். குப்பை வண்டி வந்தது, சாக்கு போயிற்று. அன்று மாலையே ஒரு சைவசபையிற் 'பாசநீக்கம்' என்னும் பொருள்பற்றி ஒரு நாழிகை பேசி, கேட்டார் பாராட்ட, மகிழ்ந்து வீடு திரும்பினேம்.

பேரன் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். அழுது ஓய்ந்த முகம். 'பாட்டா, அந்தக் கண்ணாடிக் குப்பி குப்பையில்லை. அதிலே ஆச்சி வாரித் தந்த மண் இருந்தது' என்றான். எம் மனைவியார் அவ்வாண்டு ஐப்பசியிற் சிவபதம் எய்தியவர். அதற்கு முந்திய ஆடி அமாவாசையிற் கன்னியாகுமரியில் நீராடச் சென்றபொழுது, அக்கடற்கரையிற் பலநிறமாகக் காணப்படும் மணலைப் பேரன் கையில் வாரிக் கொடுத்திருக்கின்றார். அவன் அதனை ஒரு குப்பியில் இட்டு வைத்திருந்தான். எமக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றேமும் அல்லேம்.

இந்நிகழ்ச்சியால் எழும் வினா இது: பொருளை ஒழித்தல் பற்றொழித்தல் ஆகுமா? ஆகுமெனின் யாம் செய்தது நன்றாதல் வேண்டும். ஆகாதெனின் மனையை ஒழுங்குசெய்தல் வீண் முயற்சியாதல் வேண்டும். இவ்விரண்டனுள் எது சித்தாந்தத்திற்கு ஒத்தது?

இங்கு முத்திறத்தார் வழக்காடுவர். ஒருசாரார், 'பொருள்கள் மாயையின் காரியம், சடம், சடம் எவரையும் கட்டாது. கட்டுவது மனத்தின்கண் உள்ள பற்றே. ஆகலின் மனத்தைத் துலக்குக. மனையைத் துலக்குதல் வேண்டா' என்பர். மற்றொருசாரார், 'குழந்தைகள் உள்ள வீடு கலைந்தே கிடக்கும். அதனை ஒழுங்கிற் கொண்டுவர விழைதல் பிறர் மெச்சவேண்டும் என்னும் வீண்பெருமையே' என்பர். மூன்றாமவர், 'குழந்தை அறியாதது. அறிந்த பெரியோர் அதன் பொருட்டுக் கழிப்பன கழித்தல் ஆசிரியன் மாணாக்கனுக்குச் செய்யும் உபகாரம் போல்வது' என்பர். எமது பிழை இம்மூன்றாமவர் கொள்கையைப் பற்றி நின்று செய்ததென அறிக.

முதலாமவர் கூற்று ஒருபுடை மெய். மாயை உயிர்க்குப் பகையன்று. தனு கரண புவன போகங்களாக நின்று, ஆணவ இருளில் உயிர்க்குச் சிறுவிளக்கெனத் துணைசெய்வது அது. வீடு புவனம், அதிலுள்ள பொருள் போகம், இவற்றை வெறுத்து எறிதல் சித்தாந்தியின் நெறியன்று. ஆயினும், சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு என்பதனை அவர் மறந்தனர். பளிங்கு தன்னை அடுத்த நிறத்தைக் காட்டும். உயிரும் தான் அடுத்ததன் தன்மையாய் நிற்கும். காலை எழுந்தவுடன் தேடுதலும், தேடியது கிடையாமையாற் சினத்தலும், சினத்தாற் குழந்தையைக் கடிதலும், கடிந்தமையால் நெஞ்சங் கலங்கிப் பூசையை விரைந்து முடித்தலுமாக நாடோறும் வாழும் உயிர், அக்கலக்கத்தின் வண்ணமேயாகும். பொருள் கட்டாது, பொருட்குவியல் உண்டாக்கும் சூழல் கட்டினை இறுக்கும். விளக்கு வேண்டும், ஓரறையில் நூறு விளக்கை ஏற்றி வைத்தவன் எண்ணெய் வார்ப்பதிலேயே இரவைக் கழிப்பான், அவ்வொளியில் ஒன்றையும் படியான்.

இரண்டாமவர் கூற்றிலும் உண்மை சிறிதுண்டு. 'என் வீட்டைப் பார், தூசியுண்டா?' என்று பிறர்க்குக் காட்டும் தூய்மை, ஆணவம் வேறோர் ஆடை உடுத்து வந்ததேயாம். குழந்தை விளையாடுதற்கு அஞ்சும் பட்டாசல் தூய்மையான பட்டாசல் அன்று. அது பொருட்காட்சிச் சாலை. ஆயின் இதனாற் பெறப்படுவது ஒழுங்கு யாருக்காக என்னும் வினாவேயன்றி ஒழுங்கு வேண்டா என்பதன்று. அதற்கு விடை திருநாவுக்கரசு நாயனார் வரலாற்றிற் கிடைக்கும்.

நாயனார் திருப்புகலூர்த் திருமுன்றிலில் உழவாரத் திருப்பணி செய்துகொண்டிருந்தார். அவர்தம் நிலையை உலகிற்குக் காட்டத் திருவுளங்கொண்ட இறைவன், உழவாரம் புகுந்த இடமெல்லாம் பொன்னும் நவமணியும் விளங்கச் செய்தருளினான். நாயனார் அவற்றைப் பருக்கைக் கல்லோடு ஒப்ப வாரி வாவியில் எறிந்தார். இதனை அவர்தம் துறவுக்குச் சான்றாக எல்லாரும் எடுத்தோதுவர். யாம் இங்கு நோக்குவது அவர் எறிந்ததன் காரணத்தை. முன்றிலில் நடக்கும் அடியார் திருவடியை உறுத்துவது கல்லாயினும் ஒன்று, மணியாயினும் ஒன்று. பணிக்கு இடையூறாய், தனக்குரியதல்லாத இடத்திற் கிடக்கும் பொருள் எதுவோ அது குப்பை. அதன் விலை அதனைக் குப்பையாகாமற் காக்காது. ஆகவே மனையை ஒழுங்குசெய்வோன் கேட்க வேண்டுவது, 'இது எத்துணைப் பணம் பெறும்?' என்பதன்று; 'இது இவ்விடத்தில் யாருடைய எப்பணிக்கு உதவுகின்றது? யார் காலை இடறுகின்றது?' என்பதே. இவ்வினாவை முன்வைத்தால் பாட்டன் உருளியும் விலையுயர்ந்த பொம்மையும் ஒருங்கே விடைகூறக் கடமைப்படும்.

நாயனார்க்கு இப்பணியிற் கருத்துச் செல்லுதற்கு வழிகாட்டியவர் தமக்கையார் திலகவதியார் என எண்ணுதற்கு இடமுண்டு. தந்தையும் தாயும் இறந்தபின் தம்பியைக் காத்து வளர்த்தவர் அவர். திருவதிகையில் திருவலகிடுதலும் திருமெழுக்கிடுதலும் செய்து வாழ்ந்தவரும் அவரே. அலகு ஏந்திய கையைத் தம்பியார் கண்டார். பின்னர்த் தாமும் உழவாரம் ஏந்தினார். நம் இல்லங்களில் வாரியல் ஒருத்தி கையிலேயே வாழ்நாள் முழுதும் இருக்க, ஆடவர் சாய்வு நாற்காலியிலிருந்து சரியையின் பெருமை பேசுதல் இவ்வரலாற்றிற்கு ஒவ்வாது. அப்பணியில் ஆண்மகன் தாழ்வதில்லை யென்பதற்கு அப்பரடிகளினும் பெரிய சான்று வேண்டுமோ?

இனி மூன்றாமவர்க்கு விடை. அதுவும் ஒரு நாயனார் வரலாற்றிலேயே உளது. திருச்சேய்ஞலூரில் விசாரசருமர் என்னும் சிறுவர் மண்ணியாற்றங்கரையில் ஆத்தியின் நிழலில் மணலாற் சிவலிங்கம் அமைத்துப் பாலாட்டிப் பூசித்தார். தந்தையாகிய எச்சதத்தன் மறைந்திருந்து பார்த்தான். அவன் கண்ணிற்கு அது மணற்குவியல். பால் வீணாகச் சிந்தும் பிள்ளை விளையாட்டு. சினந்து சென்று மகனை அடித்தான். பாற்குடத்தைக் காலால் இடறினான். அதன்பின் நிகழ்ந்ததை நாம் அறிவோம். சிறுவர் சண்டீசப்பதம் பெற்றார். பெரியவன் குப்பையென்று கண்ட மணல் சிறுவனுக்குச் சிவமாயிருந்தது.

இவ்விரு வரலாற்றையும் அருகருகே வைத்து நோக்குக. ஒன்றில், உலகம் பொன்னென்று கண்டதை அடியார் கல்லென்று எறிகின்றார். மற்றொன்றில், தந்தை மணலென்று கண்டதை மைந்தர் இறைவனென்று போற்றுகின்றார். பொருளின் மதிப்பு கண்டவன் கண்ணளவில் முடிவதன்று என்பதை இரண்டும் கூறும். அப்பரடிகள் தம் பணிக்களத்தைத் துலக்கினார். பிறர் கையிலிருந்து ஒன்றையும் பிடுங்கினாரல்லர். எச்சதத்தன் பிறர் பூசையிற் காலை நீட்டினான். யாம் அப்பரடிகளைப் பின்பற்றுவதாக எண்ணிக்கொண்டு எச்சதத்தன் செயலைச் செய்தேம். பிள்ளைகளுடைய விளையாட்டுப் பொருள் யாவும் சிவலிங்கம் என்பது எமது கருத்தன்று. அவற்றுட் பெரும்பகுதி குப்பையே. எது குப்பை, எது மணலிலிங்கம் என்பதைக் கேளாமல் அறியமுடியாது என்பதே கருத்து.

இதன் அடிப்படை சித்தாந்தத்தின் உயிர்நிலையான ஒரு கொள்கையில் உள்ளது. இறைவன் எல்லாம் வல்லவன். உயிரைப் பற்றிய மலத்தை அவன் நினைத்த மாத்திரத்திற் பறித்தெறிதல் கூடாதோ? அவ்வாறு செய்யாது மலபரிபாகம் நோக்கி எண்ணில்காலம் நிற்கின்றான். வாளா நிற்கின்றானோ எனின், அற்றன்று. தன் திரோதான சத்தியால் மலத்தினுள்ளேயே நின்று, தனு கரணாதிகளைத் தந்து, வினைப்பயனை முறையே ஊட்டி, உயிர் தானே தெவிட்டித் திரும்பும் பருவத்தை உண்டாக்குகின்றான். காய் பழுத்தால் காம்பினின்றும் தானே கழலும். பழுக்குமுன் பறிக்கின், காம்பிற் பால் வடியும். உயிர்க்குயிரான பெருமானே இங்ஙனம் பொறுத்திருப்பனாயின், ஏழு வயதுச் சிறுவன் கையிலிருந்த குப்பியைப் பறித்து, 'உனக்குப் பற்று நீக்கினேம்' என்று கூற யாம் யார்? ஒருவன் பற்றை அவன்பொருட்டு மற்றொருவன் துறத்தல் இயலாது. பறிகொடுத்தவனிடத்துப் பொருள் நீங்கும், பற்றோ இருமடங்காகும். பறித்தவனிடத்து, 'யான் செய்தேன்' என்னும் ஆணவம் மிகும். இருவர்க்கும் இழப்பே.

எனவே முற்கூறிய வினாவிற்கு விடை இவ்வாறு முடியும். பொருளொழித்தல் பற்றொழித்தல் ஆகாது. ஆயினும், தன் கையாற் செய்யும் பொருளொழித்தல், நாடோறும் பயிலப் பயிலப் பற்றொழிதற்குரிய பக்குவத்தைக் கூட்டும். பெற்றோர் கடமை பறிப்பதுமன்று, கைவிடுவதுமன்று. பரிபாகம் வருதற்குரிய ஒழுங்கை மனையில் அமைத்தலேயாம். மனையொழுக்கம் என்பது பெற்றோர் செய்யத்தக்க திரோதானம் என்று உவமை முகத்தாற் கூறலாம்.

அவ்வொழுங்கு யாது? எமது மனையிற் கண்ட அளவிற் சில கூறுதும்.

முதலாவது, தொடங்க வேண்டியவர் பெரியவர். எமது அலமாரியில் இருபது ஆண்டுப் பத்திரிகைகள் இருந்தன. ஒரே நூலின் மும்மூன்று பதிப்புக்கள் இருந்தன. கறையான் அரித்த கட்டுக்களும் இருந்தன. 'சாத்திரம்' என்னும் பெயர் இருந்தமையால் அவற்றை யாரும் குப்பையென்னத் துணியவில்லை. ஞானநூலாயினும் படியாது அடுக்கி வைத்தது பாரமே. பேரன் காண அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, வேண்டுவன வைத்து, நல்லன நூல்நிலையத்திற்கு ஈந்து, அழிந்தன கழித்தேம். அதற்கு மூன்று நாள் ஆயின. சிலவற்றை விடுதற்கு எம் கை நடுங்கியதைப் பேரன் பார்த்தான். பெரியவர்க்கும் அது கடினமென்று குழந்தை அறிதல் நன்று.

இரண்டாவது, இடத்தால் அளவு செய்தல். 'இதை எறி, அதை எறி' என்னாமல், ஒரு நார்ப்பெட்டியைக் காட்டி, 'மக்கா, இதனுள் அடங்குவன உன்னுடையன. எவை அடங்க வேண்டும் என்பதை நீயே சொல்' என்றேம். தெரிந்தெடுக்கும் உரிமை அவனுக்கு, அளவு மனைக்கு. மிகுந்தவற்றை மறைத்து வைத்துச் சில திங்கள் கழித்து மாற்றிக் கொடுத்தலும் ஆம். அமெரிக்க நாட்டு டொலீடோப் பல்கலைக்கழகத்தார் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இதற்குத் துணைசெய்யும். 36 இளங்குழந்தைகளை ஒருமுறை நான்கு விளையாட்டுப் பொருள்களோடும் மற்றொரு முறை பதினாறு பொருள்களோடும் விளையாடவிட்டு நோக்கினர். நான்கே இருந்தபொழுது குழந்தை ஒவ்வொன்றோடும் நெடுநேரம் இருந்தது. அதனைப் பலவகையாகக் கையாண்டது. பதினாறு இருந்தபொழுது ஒன்றைவிட்டு ஒன்று தாவியது. பொறிகளைப் பலவற்றிற் சிதறவிட்ட மனம் ஒன்றிலும் நில்லாது என்று யோகநூலார் கூறுவதைத் தவழ்ந்தெழுந்த குழவியிடத்தே மேனாட்டார் கண்டனர்.

மூன்றாவது, காலத்தால் முறை செய்தல். மாலை விளக்கேற்றுமுன் ஒருமுறை, இரவு துயிலுமுன் ஒருமுறை, ஒவ்வொருவரும் தாம் எடுத்ததைத் தாமே உரிய இடத்தில் வைத்தல். ஐந்து நிமிடத்திற்கு மேல் வேண்டுவதில்லை. இங்குத்தான் சுசீந்திரத்து வழக்கத்தை நினைவிற் கொண்டேம். 'காலையில் நடைதிறப்பவர் வேறொருவர். அவர் தேடாமல் எடுக்கும்படி வைத்துவிட்டுப் படு' என்று சொன்னபொழுது பேரன் சிரித்தான். ஆயினும் பள்ளிப் பையையும் சீருடையையும் வைக்கத் தொடங்கினான். இரவின் நாம் காலையின் நமக்குச் செய்யும் தொண்டு இது. காலையில் எழுபவன் அதே பெயருடையவனேனும், உறக்கத்தில் ஒடுங்கிக் கேவலம்போற் கிடந்து மீளுபவன். அவனைப் பிறனொருவனாக மதித்து உதவுதல் தகும். சில நாள் தவறும். தவறிய நாளிற் கடியாமல் மறுநாள் தொடர்தல் வேண்டும். ஒருநாள் நித்தியம் தவறிற்றென்று கோயிலை மூடுவாரில்லை.

நான்காவது, ஈதல். குழந்தை தான் விடுவதைத் தன் கையாற் பிறர்க்குக் கொடுத்தல் வேண்டும். கொடுப்பது முழுதாயும் நல்லதாயும் இருத்தல் வேண்டும். உடைந்ததைப் பிறர் தலையிற் கட்டுதல் தானமன்று, நம் குப்பையைப் பிறர் முன்றிலுக்கு மாற்றுதல். போகியென்று பிளாஸ்டிக்கைக் கொளுத்துதலும் அத்தகையதே. மனையினின்று நீங்கிய அழுக்கு அயலார் மூச்சிற் புகுகின்றது. இவற்றினும் மேலான கழிவு ஒன்றுண்டு, அது வாங்காதிருத்தல். வாயிலில் தடுத்ததைப் பரணிலிருந்து இறக்க வேண்டுவதில்லை.

இந்நான்கிற்கும் அடியாக நிற்க வேண்டுவது ஓர் உணர்ச்சி. சரியைக்குத் தாசமார்க்கம் என்பது பெயர். தாசனுக்கு உடைமையில்லை, ஆயினும் உடைமையனைத்தையும் காக்கும் பொறுப்பு உண்டு. நம் நாட்டு வரலாற்றில் இதற்கு ஒரு பெருஞ் செயல் எடுத்துக்காட்டாக உளது. பத்மநாபபுரத்திலிருந்து ஆண்ட மார்த்தாண்டவர்மர் 1750ஆம் ஆண்டு தை மாதத்தில் தம் நாடு முழுவதையும் திருவனந்தபுரத்துப் பத்மநாபசுவாமிக்குத் திருப்படித்தானமாக ஈந்து, பத்மநாபதாசர் என்னும் பெயரால் அதனை மீண்டும் ஆண்டார். அதில் அரசியல் நோக்கம் இருந்ததென்பாரும் உளர். அவ்வாராய்ச்சி இங்கு வேண்டா. நாடு முன்போலவே இருந்தது. வயலும் கோட்டையும் இருந்தபடியே இருந்தன. மாறியது 'என்னுடையது' என்னுஞ் சொல் ஒன்றே. பத்மநாபபுரத்து அரண்மனையின் உப்பிரிக்கை மாளிகையில் கீழ்நிலையிற் கருவூலமும் இடைநிலைகளில் மன்னன் பள்ளியும் இருக்க, மேனிலை இறைவனுக்கென ஒதுக்கப்பட்டிருத்தலை இன்றும் காணலாம். மூர்த்தி வேறாயினும் கருத்து நமக்கு உடன்பாடே. மாலையில் விளக்கின்முன் நின்று, 'இவ்வீடும் இதிலுள்ளனவும் உன்னுடையன. யாம் பணியாளர்' என்று ஒருகணம் எண்ணுவோன், தலைவன் வீட்டைக் குப்பையாகவும் வையான். தலைவன் பிள்ளையின் பொருளை அவனறியாமற் களையவும் துணியான்.

அடுத்த ஆடி அமாவாசையில் யாம் பேரனைக் கன்னியாகுமரிக்கு அழைத்துச் சென்றேம். கரையில் இருந்து மணலை வாரி, 'மக்கா, இதை வைத்துக்கொள்' என்று நீட்டினேம். அவன் அதனைக் கையில் வாங்கினான். சிறிது நேரம் பார்த்தான். 'இது அந்த மண் இல்லை பாட்டா' என்று கூறி, விரல்களை விரித்துக் கடற்கரையிலேயே விட்டான். அவன் முகத்திற் சினம் இல்லை. அவன் விட்டது அவனுடைய கையால், அவனுக்குற்ற காலத்தில். எமக்கோ, போகிக்கு முந்தின நாள் யாம் எறிந்த குப்பி இன்னும் நெஞ்சினின்று நீங்கிற்றில்லை. பற்றை நீக்குவேம் என்று புறப்பட்ட எமக்கு அது ஒரு புதிய பற்றாய் நின்று, பிள்ளையிடம் கேளாமல் அவன் பெட்டியைத் திறவாதவாறு இன்றளவும் காத்து வருகின்றது.

மார்கழித் திருவிழாவிற் கோட்டாறு விநாயகரும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்திற்கு எழுந்தருளித் தாய்தந்தையரைக் காணும் மக்கள்மார் சந்திப்பு நம் நாட்டார் கண்குளிரக் காண்பது. மக்கள் வரும்பொழுது நடை திறந்திருக்கின்றது, முன்றில் துலங்கியிருக்கின்றது, அவரவர்க்குரிய இடம் ஒழிந்திருக்கின்றது. நம் மனைகளும் மக்கள் வருதற்கு அவ்வாறு ஒழிந்திருப்பனவாக.

திருச்சிற்றம்பலம்.